கண்ணாடி மேசையில் தவிக்கும் மவுஸ்

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சிறிய வயர்லெஸ் மவுஸ் ஒன்றை வாங்கி வருகிறோம். விரல் நகம் அளவுள்ள ரிசீவரை லேப்டாப்பில் செருகியதும் திரையில் அம்புக்குறி ஓடுகிறது. அதே மவுஸை வரவேற்பறையில் இருக்கும் கண்ணாடி மேசைமேல் வைத்தால் அம்புக்குறி அசைய மறுக்கிறது. அசைந்தாலும் விட்டுவிட்டுக் குதிக்கிறது. பழைய நாளிதழ் ஒன்றை மடித்து அடியில் வைத்துவிட்டால் போதும், ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. கண்ணாடியைவிட வழவழப்பான பரப்பு வீட்டில் வேறில்லை. மவுஸ் வழுக்கிக்கொண்டு போக அதுதானே தோதான இடம்? அங்கே ஏன் திணற வேண்டும்?

இந்த வகை மவுஸ் வைத்திருப்பவர்களைக் கேட்டால் இன்னும் சில குறைகளைச் சொல்வார்கள். பக்கத்துத் துளையில் வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் மவுஸ் தடுமாறுகிறது. கொஞ்ச நேரம் தொடாமல் வைத்திருந்துவிட்டு நகர்த்தினால் முதல் அசைவை விழுங்கிவிடுகிறது. ஓரிரு ஆண்டுகள் போனபின் ஒரு முறை தட்டினால் இரண்டு முறை தட்டியதாக எடுத்துக்கொள்கிறது. நாள் முழுக்கப் பிடித்திருந்தால் மணிக்கட்டு வலிக்கிறது. கடையில் கொண்டுபோய்க் காட்டினால் ‘பீஸ் சரியில்லை’ என்று வேறொன்றைத் தருவார்கள். அந்த வேறொன்றும் அதே கண்ணாடியில் அப்படியேதான் தவிக்கும். இவற்றில் பெரும்பாலானவை அந்த ஒரு பீஸின் கோளாறு அல்ல. கருவி எந்த நியதிப்படி இயங்குகிறதோ அதன் எல்லைகள் இவை. எங்கே, எப்போது தவறுகிறது என்று கவனித்தாலே, திருகாணியைக் கழற்றாமல் உள்ளே நடப்பதில் பெரும்பகுதியைச் சொல்லிவிட முடியும்.

கண்ணாடியிலிருந்தே தொடங்கலாம்.

முதல் மவுஸுக்குக் கண்ணாடியிலும் பெரிய சிக்கல் இருந்திருக்காது. 1964-இல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் எண்ணியபடி பில் இங்கிலிஷ் செய்து முடித்த அந்த மரக்கட்டையின் அடியில் இரண்டு சக்கரங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தன. ஒன்று இடவலமாக எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தது, மற்றது மேல்கீழாக. 1968-இல் சான்பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் அதை மேடையில் இயக்கிக் காட்டினார். பின்னர் சக்கரங்களின் இடத்துக்கு ஒரு உருண்டை வந்தது. அந்த உருண்டையைக் கழற்றி, உள்ளே உருளைகளில் படிந்த அழுக்கை நகத்தால் சுரண்டி எடுத்த நினைவு தொண்ணூறுகளில் கணினி பழகிய எல்லோருக்கும் இருக்கும். சக்கரமும் உருண்டையும் பரப்பைத் தொட்டு அளந்தவை. இன்றைய மவுஸ் தன் பாதங்களால் பரப்பைத் தொட்டாலும், அளப்பது தொடுவதால் அல்ல. அது பார்க்கிறது.

மவுஸைக் கவிழ்த்துப் பாருங்கள். நடுவில் ஒரு சிறு துளை. அதற்குள் ஒரு விளக்கு, ஒரு வில்லை, வில்லைக்குப் பின்னால் ஒரு சில்லு. சில்லின் நடுவில் இருப்பது கேமரா. உவமைக்காகச் சொல்லவில்லை, படமெடுக்கும் கேமராவேதான். பரவலாகப் பயன்பட்ட ஏ.டி.என்.எஸ்.-2610 என்ற சில்லை எடுத்துக்கொள்வோம். அதன் கேமராவில் அகலவாக்கில் 18, நீளவாக்கில் 18, ஆக மொத்தம் 324 படப்புள்ளிகள் மட்டுமே. செல்பேசிக் கேமராக்களில் இது கோடிக்கணக்கில் இருக்கிறது. அதன் பார்வைக்குள் வரும் இடமும் ஒரு மில்லிமீட்டர் சதுரத்தைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். ஆனால் அது நொடிக்கு 1,500 படம் எடுக்கும். திரைப்படத்துக்கு நொடிக்கு 24 படமே போதும் என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு விரைவு என்பது விளங்கும்.

ஒரு மில்லிமீட்டர் சதுரத்துக்குள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? வெள்ளைத்தாள் நம் கண்ணுக்கு வெறுமையாகத் தெரிகிறது. நெருங்கிப் போனால் அது நார்கள் பின்னிக் கிடக்கும் காடு. மவுஸின் விளக்கு பரப்பின்மேல் நேராக விழாமல், பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் ஒவ்வொரு மேட்டுக்கும் அருகில் ஒரு நிழல் விழுகிறது. கண்ணுக்கே தெரியாத மேடுபள்ளங்கள் கேமராவுக்கு வெளிச்சமும் இருளுமான திட்டுகளாகத் தெரிகின்றன. அந்தத் திட்டுகளின் அமைப்பு, ஒரு இடத்தில் இருப்பது போல் பக்கத்து இடத்தில் இருப்பதில்லை.

இனி, இரண்டு படங்களிலிருந்து நகர்வை எப்படிக் கணக்கிடுகிறது என்பதுதான் இந்தக் கருவியின் உயிர்நாடி. கட்டம் போட்ட சட்டைக்குப் பாக்கெட் தைக்கும் டெய்லரைக் கவனித்திருப்பீர்கள். வெட்டிய பாக்கெட் துணியைச் சட்டையின் மார்புப் பக்கத்தில் வைத்து, கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் மேலே என்று நகர்த்திப் பார்ப்பார். கோடு கோட்டோடு சேரும் இடம் வந்ததும் குண்டூசி குத்திவிடுவார். சில்லு செய்வதும் இதையேதான். புதிதாக எடுத்த படத்தை, அதற்கு முன் எடுத்த படத்தின்மேல் வைத்து ஒரு புள்ளி இடப்பக்கம் தள்ளிப் பார்க்கிறது. ஒரு புள்ளி வலப்பக்கம், மேலே, கீழே, மூலைவாட்டில் என்று எல்லாத் திசையிலும் தள்ளிப் பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு படங்களுக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு எவ்வளவு என்று கூட்டிக்கொள்கிறது. எந்தத் தள்ளலில் வேறுபாடு மிகக் குறைவோ, மவுஸ் அந்த அளவுதான் நகர்ந்திருக்கிறது. இதை உருப்பொருத்தம் என்று சொல்லலாம். கணக்கு எளிது. நொடிக்கு 1,500 தடவை இடைவிடாமல் செய்ய வேண்டியிருப்பதால், அதற்கென்றே செதுக்கிய ஒரு செயலியைக் கேமராவோடு சேர்த்து அதே சில்லில் பொதித்திருக்கிறார்கள்.

கண்ணாடியின் புதிர் இப்போது அவிழ்கிறது. கட்டமே இல்லாத வெள்ளைத் துணியில் பாக்கெட்டை எங்கே வைத்தாலும் பொருந்தும். ஆகவே எவ்வளவு நகர்ந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. துடைத்த கண்ணாடியில் மேடும் இல்லை, நிழலும் இல்லை. சாய்ந்து வந்த ஒளியில் ஒரு பகுதி அதே சாய்வில் மறுபக்கம் தெறித்துப் போகிறது. மீதி ஊடுருவிக் கீழே போய்விடுகிறது. வில்லைக்கு வந்து சேர்வது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. முகம்பார்க்கும் கண்ணாடியிலும், பளபளவென்று பாலிஷ் போட்ட சில கிரானைட் பலகைகளிலும் இதே கதிதான். கட்டம் அச்சு அசலாகத் திரும்பத் திரும்ப வரும் துணியில் வேறொரு ஆபத்து இருக்கிறது. ஒரு முழுக்கட்டம் தள்ளி வைத்தாலும் டெய்லருக்குப் பொருந்தியது போலவே தோன்றும். சீரான நுண்புள்ளிகளால் அச்சிடப்பட்ட பளபளப்பான படங்கள்மீது சில மவுஸ்கள் தாறுமாறாக ஓடுவது இதனால்தான். மவுஸுக்கு வேண்டியது ஒழுங்கற்ற பரப்பு. நாளிதழ்த் தாளின் சொரசொரப்பு அதற்கு நல்ல தீனி.

நொடிக்கு 1,500 படம் எதற்கு என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அந்தச் சில்லு தாங்கும் உச்ச வேகம் நொடிக்கு 12 அங்குலம், ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். அந்த வேகத்தில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே மவுஸ் 0.2 மில்லிமீட்டர் போகும். பார்வைப் பரப்பில் அது ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு படங்களிலும் மீதி நான்கு பங்கு பொதுவாக இருக்கும். பொருத்திப் பார்க்க அது தாராளம். கையை இன்னும் வேகமாக வீசினால் பொதுப்பகுதி சுருங்குகிறது. ஒரு கட்டத்தில் இரண்டு படங்களுக்கும் சம்பந்தமே இல்லாமல் போய், அம்புக்குறி எங்கோ நின்றுவிடுகிறது. கணினி விளையாட்டுக்காரர்கள் அதிவேகச் சில்லுகளைத் தேடி விலை கொடுப்பதற்கு இதுவே காரணம். கடிதம் தட்டச்சு செய்கிறவருக்கு அந்தச் செலவு அவசியமில்லை.

இதையெல்லாம் நம்புவதற்குத் தயாரிப்பாளரின் சொல் மட்டும்தான் ஆதாரமா? இல்லை. மேற்சொன்ன சில்லிலிருந்து படப்புள்ளிகளின் மதிப்பை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க அதன் தரவுத்தாளிலேயே வழி கொடுத்திருக்கிறார்கள். பழைய மவுஸைப் பிரித்து, ஆர்டுயினோ போன்ற மலிவான பலகையோடு இணைத்து அந்தப் படத்தைக் கணினித் திரையில் பார்த்திருக்கும் ஆர்வலர்கள் ஏராளம். சாம்பல் நிறத்தில் 18-க்கு 18 சதுரங்கள். தாளின் நார் அங்கே மங்கலாகத் தெரியும். அச்செழுத்தின் ஒரு கால் கறுப்புப் பட்டையாகக் குறுக்கே போகும். சிலர் அந்தத் துண்டுகளை அடுத்தடுத்து ஒட்டி, மவுஸையே ஸ்கேனராக்கியிருக்கிறார்கள். அறியாமலேயே அவர்கள் இந்தத் தொழில்நுட்பத்தைப் பிறந்த வீட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். 1990-களில் ஹியூலெட்-பேக்கார்ட் ஆய்வகத்தில் இது உருவானது மவுஸுக்காக அல்ல. தாளின்மேல் கையால் தேய்த்துக்கொண்டே போகும் ஸ்கேனர், தான் எங்கே நகர்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக. 1999-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் வழியாகத்தான் அது எல்லோர் மேசைக்கும் வந்தது. எண்பதுகளிலேயே ஒளியால் இயங்கும் மவுஸ்கள் இருந்தன. ஆனால் அவற்றுக்குப் புள்ளியோ கட்டமோ அச்சிட்ட தனிப்பலகை ஒன்று வேண்டும். எந்த மேசையிலும் ஓடலாம் என்ற விடுதலை உருப்பொருத்தத்தால் கிடைத்தது.

வீட்டிலேயே செய்து பார்க்க இரண்டு சோதனைகள் உண்டு. வயர்லெஸ் மவுஸ்கள் பலவற்றில் அடியில் வெளிச்சமே தெரியாது. விளக்கு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். செல்பேசியின் முன்பக்கக் கேமராவை அதன்மேல் காட்டினால் பெரும்பாலும் ஊதா கலந்த ஒரு பொட்டு மின்னும். அது அகச்சிவப்பு விளக்கு. நம் கண்ணுக்கு எட்டாத அந்த ஒளி சிலிக்கான் சில்லுக்கு நன்றாகவே தெரியும். அதை எரிக்கக் குறைந்த மின்னழுத்தமே போதும் என்பதால் பேட்டரிக்கும் நல்லது. இரண்டாவது சோதனை எனக்கு இன்னும் பிடித்தது. ஒரு தாளின்மேல் மவுஸை வைத்து, அது அசையாமல் பிடித்துக்கொண்டு, அடியிலிருக்கும் தாளை மட்டும் வலப்பக்கம் இழுங்கள். திரையில் அம்புக்குறி இடப்பக்கம் ஓடும். மவுஸுக்குத் தான் மேசையில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது தெரியாது. தானும் பரப்பும் ஒன்றையொன்று விட்டு எவ்வளவு விலகினோம் என்பது மட்டுமே தெரியும். தூக்கி வேறிடத்தில் வைத்தால் அம்புக்குறி இருந்த இடத்திலேயே நிற்பதும் அதனால்தான். வில்லை பரப்பிலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவான தொலைவைத்தான் தெளிவாகப் பார்க்கும். சற்றே தூக்கினால் படம் கலங்கி, சில்லு கணக்கை நிறுத்திக்கொள்கிறது. சிறிய மவுஸைச் சிறிய இடத்தில் தூக்கித் தூக்கி வைத்துப் பயன்படுத்த முடிவது இந்த அறியாமையின் கொடை.

அதே அறியாமையிலிருந்து இன்னொரு நன்மையும் வருகிறது. இது பலர் கவனிக்காதது. மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டு மவுஸை இடமிருந்து வலமாக வீசினால் அது நேர்கோட்டில் போவதில்லை. மணிக்கட்டை மையமாகக் கொண்டு வில்லாக வளைந்து போகிறது. திரையில் அம்புக்குறியோ நேராகவே போகிறது. மவுஸ் வளையும்போது கேமராவும் கையோடு சேர்ந்து திரும்புகிறது. ஆகையால் கேமராவின் கணக்கில் ஒவ்வொரு கணமும் நகர்வு சுத்தமான பக்கவாட்டு நகர்வு மட்டுமே. தன் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருந்தால் நாம் வரையும் ஒவ்வொரு கோடும் வளைந்திருக்கும். மணிக்கட்டுக்கும் கேமராவுக்கும் உள்ள தொலைவு கூடினால், அதே திருப்பத்துக்கு அம்புக்குறி அதிக தூரம் ஓடும். பெரிய மவுஸிலிருந்து சிறியதற்கு மாறியவர்கள் முதல் நாளில் ‘குறி தவறுகிறது’ என்று சொல்வதில் பிடிக்கும் முறைக்கும் இந்தத் தொலைவுக்கும் பங்கு இருக்கிறது. கை ஓரிரு நாளில் பழகிக்கொள்ளும்.

கண்ணாடிமீதும் ஓடும் மவுஸ்கள் வராமலில்லை. 2004-இல் லாஜிடெக் வெளியிட்ட எம்.எக்ஸ். 1000 சாதாரண விளக்குக்குப் பதில் லேசரைப் பயன்படுத்தியது. லேசர் ஒளியின் அலைகள் ஒன்றோடொன்று ஒத்திசைந்து வருவதால், பரப்பின் மிகமிக நுண்ணிய ஏற்றத்தாழ்வுகூடப் பளிச்சென்ற புள்ளித் திட்டாகத் தெரியும். அதற்கும் வெறும் கண்ணாடி கைகொடுக்கவில்லை. 2009-இல் அதே நிறுவனம் ‘டார்க்ஃபீல்டு’ என்ற முறையைக் கொண்டுவந்தது. நேராகத் தெறிக்கும் ஒளியை ஒதுக்கிவிட்டு, கண்ணாடிமேல் இருக்கும் தூசியிலும் நுண்கீறல்களிலும் பட்டுச் சிதறும் ஒளியை மட்டும் பார்க்கும் முறை அது. கறுப்புப் பின்னணியில் தூசிகள் மின்னும். அந்த மின்னல்களின் இடமாற்றமே நகர்வு. விலை குறைந்த சிறிய மவுஸ்களில் இது இருப்பதில்லை. நாளிதழ் இருக்கும்வரை குறையும் இல்லை.

இனி ஹார்ட் டிஸ்க். எனக்குத் தெரிந்து, வயர்லெஸ் மவுஸை வைத்திருப்பவர்களை இவ்வளவு குழப்பும் கோளாறு வேறில்லை. படம் நகலெடுக்கத் தொடங்கியதும் மவுஸ் தள்ளாடும். நகலெடுத்து முடிந்ததும் தானாகவே சரியாகிவிடும். கணினிக்கு வேலைப்பளு கூடிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் வயருள்ள மவுஸை அதே நேரத்தில் செருகிப் பாருங்கள், தடங்கலின்றி ஓடும். ஆக, சிக்கல் காற்றில்.

மவுஸுக்கும் ரிசீவருக்கும் நடக்கும் பேச்சு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் நடக்கிறது. உரிமம் வாங்காமல் யாரும் பயன்படுத்தலாம் என்று பல நாடுகளில் விட்டுவைத்திருக்கும் பொதுவெளி அது. வைஃபையும் புளூடூத்தும் அங்கேதான் இருக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அதிர்வெண்ணில் இயங்குகிறது. தொடக்க கால வயர்லெஸ் மவுஸ்கள் பல 27 மெகாஹெர்ட்ஸில் இயங்கின. அந்த அலையின் நீளம் 11 மீட்டர். ஆன்டெனா அலைநீளத்தில் கால் பங்கு இருந்தால் நன்றாக இயங்கும் என்பது பொதுவிதி. அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் வேண்டும். அதைச் சுருட்டி மடக்கி எப்படியோ ஒப்பேற்றினார்கள். ரிசீவரும் பெரிதாக, வயரோடு இருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். கால் பங்கு மூன்று சென்டிமீட்டர்தான். சர்க்யூட் பலகையில் மடித்து வரைந்த ஒரு செப்புக் கோடே ஆன்டெனா ஆகிவிடுகிறது. ரிசீவர் நகத்தளவுக்குச் சுருங்க முடிந்தது அதிர்வெண் ஏறியதால்.

மவுஸ் அனுப்பும் சக்தி மிகச் சிறியது. நார்வேயின் நார்டிக் செமிகண்டக்டர் நிறுவனத்தின் என்.ஆர்.எஃப்.24 வரிசைச் சில்லு இத்தகைய கருவிகளில் பரவலாகப் புழங்கிய ஒன்று; அதன் ஒலிபரப்பு ஆற்றல் ஒரு மில்லிவாட். ஒவ்வொரு செய்தியின் முன்னாலும் ஐந்து பைட் வரை நீளமுள்ள முகவரி ஒன்று போகிறது. அதில் அமையக்கூடிய வெவ்வேறு முகவரிகள் ஒரு லட்சம் கோடிக்கும் மேல். அலுவலகத்தில் இருபது பேர் ஒரே மாதிரி மவுஸ் வைத்திருந்தாலும் ஒருவர் மவுஸ் அடுத்தவர் திரையில் ஓடாமல் இருப்பது அதனால். ரிசீவர் செய்தியைப் பெற்றதும் ‘வந்துவிட்டது’ என்று ஒப்புகை அனுப்பும். ஒப்புகை வராவிட்டால் மவுஸ் அதே செய்தியைத் திரும்ப அனுப்பும். இடையூறு மிகுந்தால் திரும்ப அனுப்புவதிலேயே நேரம் போகிறது. அம்புக்குறி நின்று நின்று பாய்கிறது.

அந்த இடையூறு எங்கிருந்து வருகிறது? இன்டெல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கை அதை அளந்து காட்டியது. யூ.எஸ்.பி. 3.0 இணைப்பில் தரவு நொடிக்கு 500 கோடி பிட் வேகத்தில் ஓடுகிறது. ஒரே மாதிரித் தரவு தொடர்ந்து வந்தால் ஒரே அதிர்வெண்ணில் கதிர்வீச்சு குவியும் என்பதால், தரவை வேண்டுமென்றே கலைத்துப் போட்டு அனுப்புகிறார்கள். கலைத்ததால் இரைச்சல் அடியிலிருந்து 5 கிகாஹெர்ட்ஸ் வரை பரந்து படிகிறது. மவுஸின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அதன் நட்டநடுவில் அகப்பட்டுக்கொள்கிறது. வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் அந்தப் பகுதியின் இரைச்சல் மட்டம் ஏறக்குறைய 20 டெசிபல் உயர்ந்ததாக அவர்கள் பதிவு செய்தார்கள். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு. வயர்லெஸ் மவுஸையே வைத்து, தொலைவு கூடக்கூடத் தடுமாற்றம் கூடுவதையும் பார்த்தார்கள். மவுஸின் அதிர்வெண்ணிலேயே இரைச்சல் இருப்பதால் வடிகட்டிப் பிரிக்க வழியில்லை.

நோய் தெரிந்தால் மருந்து எளிது. இரைச்சலின் பிறப்பிடம் அந்த இணைப்பியும் அதன் வயரும். ரிசீவர் அதிலிருந்து இரண்டு சென்டிமீட்டரில் செருகப்பட்டிருக்கிறது. மவுஸோ அரை மீட்டர் தள்ளி. ரிசீவரை லேப்டாப்பின் மறுபக்கத் துளைக்கு மாற்றுங்கள். அல்லது ஒரு முழ நீளமுள்ள யூ.எஸ்.பி. நீட்டிப்பு வயர் வாங்கி, ரிசீவரை மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். மேசைக் கணினியின் பின்பக்கத்தில் ரிசீவரைச் செருகியிருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். நடுவே இரும்புப் பெட்டி மறைக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் நல்ல மவுஸ்களைத் தூக்கி எறிந்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

முகவரி இருப்பதால் பாதுகாப்பும் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. 2016-இல் பாஸ்டில் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பல நிறுவனங்களின் ரிசீவர்கள் மறையாக்கம் செய்யாத செய்திகளையும் ஏற்றுக்கொள்வதைக் கண்டறிந்தார்கள். மவுஸ் போல் வேடமிட்டு, விசைப்பலகையில் தட்டுவது போன்ற செய்திகளைத் தொலைவிலிருந்தே அனுப்ப முடிந்தது. பிறகு சில நிறுவனங்கள் திருத்தம் வெளியிட்டன. வங்கி வேலை பார்க்கும் கணினிக்கு மிகப் பழைய ரிசீவரைத் தவிர்ப்பது நல்லது.

பேட்டரிக்கு வருவோம். ஒரு ஏ.ஏ. பேட்டரியில் ஓராண்டு ஓடும் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பலாமா? அல்கலைன் பேட்டரி ஒன்று 2,000 மில்லியாம்பியர்-மணிக்கு மேல் கொடுக்கும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். வகுத்தால், சராசரியாகக் கால் மில்லியாம்பியருக்கு மேல் செலவிடக் கூடாது. ஆனால் ரேடியோ அனுப்பும்போது மட்டுமே 11 மில்லியாம்பியர் கேட்கிறது. விளக்கும் கேமராவும் தனி. கணக்கு எங்கே கட்டுப்படியாகிறது? தூக்கத்தில். ஒரு செய்தியின் நீளம் இருபது பைட் அளவுதான். நொடிக்கு 20 லட்சம் பிட் வேகத்தில் அது நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் போய்விடும். நொடிக்கு நூற்றுச்சொச்சம் செய்தி அனுப்பினாலும் ரேடியோ விழித்திருப்பது நொடியில் நூறில் ஒரு பங்கே. கை எடுத்துவிட்டால் கேமராவும் படிப்படியாகத் தூங்குகிறது. முதலில் நொடிக்குச் சில பத்துப் படங்கள்; பிறகு பத்து; கடைசியில் அரை நொடிக்கு ஒன்று. அந்த ஒரு படம் முந்தையதோடு பொருந்தவில்லை என்றால், யாரோ தொட்டுவிட்டார்கள் என்று விழித்துக்கொள்ளும். நீங்கள் நகர்த்திய கணத்துக்கும் அது அடுத்த முறை கண் திறக்கும் கணத்துக்கும் நடுவில் நடந்ததெல்லாம் கணக்கில் வராது. விழுங்கப்பட்ட அந்த முதல் அசைவுதான் ஓராண்டு பேட்டரிக்கு நாம் கொடுக்கும் விலை. இரவில் அணைப்பானைத் தள்ளி வைப்பவர்களுக்கு இன்னும் சில வாரங்கள் கிடைக்கும்.

ஒரு தட்டு இரண்டு தட்டாக மாறுவது பொத்தானின் கதை. பொத்தானுக்கு அடியில் சிறு பெட்டி ஒன்று. அதற்குள் வளைத்து வைத்த செப்புக் கலவைத் தகடு. அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டியதும் தகடு சட்டென்று மறுபக்கம் வளைந்து, எதிரில் இருக்கும் உலோகக் குமிழைத் தொடும். நமக்குக் கேட்கும் ‘கிளிக்’ அந்தத் தகட்டின் ஒலி. உலோகம் உலோகத்தில் மோதினால் ஒட்டிக்கொள்ளாது, துள்ளும். புதுப் பொத்தானிலும் ஒவ்வொரு தட்டிலும் நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் தொட்டு, விட்டு, தொட்டு, விட்டுத்தான் நிலைக்கிறது. இந்தத் தொடுதுள்ளலைக் கணக்கில் எடுக்காமல் சற்றுப் பொறுத்திருக்கும்படி மவுஸின் நிரலை எழுதியிருக்கிறார்கள். ஆண்டுகள் போனபின் தகட்டின் விறைப்பு குறைகிறது. தொடும் இடத்தில் ஆக்சைடு படலம் படிகிறது. துள்ளல் அந்தப் பொறுமையின் எல்லையைத் தாண்டியதும் கணினிக்கு இரண்டு தட்டு போய்ச் சேர்கிறது. விண்டோஸில் அரை நொடிக்குள் வரும் இரண்டு தட்டை இரட்டைக் கிளிக் என்று எடுத்துக்கொள்வதே இயல்பமைப்பு. கோப்பைத் தேர்ந்தெடுக்க நினைத்தால் அது திறந்துகொள்கிறது. இழுத்துக்கொண்டு போகும் கோப்பு பாதி வழியில் விழுந்துவிடுகிறது. பேட்டரியைச் சேமிக்கப் பொத்தான் வழியே மிகச் சிறிய மின்னோட்டத்தையே விடுவதால், படலத்தை எரித்துத் துளைக்கும் வலு அதற்குக் கிடைப்பதில்லை என்று பழுது பார்ப்பவர்கள் சொல்வது நியாயமாகவே படுகிறது. சால்டரிங் தெரிந்தவர் அந்தச் சிறு பெட்டியை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட முடியும். முழு மவுஸையும் கழிக்க வேண்டியதில்லை.

கடைசியாகக் கை. மனிதக் கை ஒரு குறியை எட்ட எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை 1954-இல் அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் அளந்தார். இரண்டு உலோகத் தட்டுகளை எழுதுகோல் போன்ற ஒரு கோலால் மாறி மாறித் தொடச் சொன்னார். தொலைவு கூடினாலும், தட்டு ஒடுங்கினாலும் நேரம் கூடியது. இரண்டின் விகிதமே நேரத்தைத் தீர்மானித்தது. 1978-இல் ஜெராக்ஸ் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஸ்டூவர்ட் கார்டும் உடன் ஆய்வாளர்களும் மவுஸ், ஜாய்ஸ்டிக், விசைகள் ஆகியவற்றை அதே அளவுகோலால் ஒப்பிட்டார்கள். அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர், முதல் மரக்கட்டை மவுஸைச் செய்த அதே பில் இங்கிலிஷ். மவுஸின் வேகம் வெறுங்கையின் வேகத்துக்குக் கிட்டத்தட்ட சமமாக வந்தது. தடை கருவியில் இல்லை, நம் நரம்பிலும் தசையிலும்தான் என்பது அதன் பொருள். அப்படியிருக்க, வேகத்தைப் பொறுத்தவரை சிறிய மவுஸ் மட்டமானது என்று ஒதுக்கக் காரணம் இல்லை.

வலி வேறு விஷயம். பெரிய மவுஸில் உள்ளங்கை சாய்ந்து ஓய்வெடுக்கிறது. பத்து சென்டிமீட்டருக்கும் குறைந்த மவுஸில் விரல்நுனிகள் அதை இடுக்கிப் பிடித்துக்கொள்ள, மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்து நிற்கிறது. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், மணிக்கட்டின் நரம்பு செல்லும் சுரங்கத்துக்குள் இருக்கும் அழுத்தத்தை, மவுஸ் பிடித்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே நேரடியாக அளந்தார்கள். கையை மவுஸ்மேல் சும்மா வைத்திருந்ததைவிட, சுட்டும்போதும் இழுக்கும்போதும் அழுத்தம் கூடியது; பொத்தானை அழுத்தியபடி இழுக்கும்போது மிக அதிகம். பயணத்திலும் வகுப்பறையிலும் சிறிய மவுஸ் வசதிதான். எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்க்கும் மேசைக்கு உள்ளங்கை நிறையும் மவுஸ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த மவுஸானாலும் இழுவையைக் குறைக்கலாம். நீண்ட பத்தியைத் தேர்ந்தெடுக்க, தொடக்கத்தில் ஒரு கிளிக், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி முடிவில் ஒரு கிளிக் போதும்.